இறங்கிய பிறகு சொல்லுங்கள்

ஜூன் 9, திங்கள்

மிக்ஸியைச் சரிசெய்யக் கொடுத்து இரண்டு வாரமாகிறது. கேட்டால் "நாளைக்கு மேடம்" என்கிறான் கடைக்காரன். இவனுடைய நாளைக்குள் நான் இன்னொரு தடவை விண்வெளிக்கே போய்விட்டு வந்துவிடலாம்.

என் ஆராய்ச்சிக்கு வந்திருக்கும் இளைஞர்கள் ஆறு பேரும் நாளை படுக்கிறார்கள். இரண்டு வருடமாக இதற்காக அலைந்திருக்கிறேன். கட்டிலின் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்தி, ஆளை இரண்டு மாதம் எழவே விடாமல் படுக்க வைத்தால், மேலே ஆறு மாதம் மிதந்தபோது என் உடம்புக்கு என்ன நடந்ததோ அதில் பாதி தரையிலேயே நடந்துவிடும். இரத்தம் தலைக்கு ஏறும், முகம் உப்பும், கால் சூம்பும், எலும்பு கரையும். அதை அளந்து வைத்தால் அடுத்து மேலே போகிறவர்களுக்கு உதவும். பறப்பதை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. மேடை மேடையாக நான் வாங்கிய பொன்னாடைகளை எல்லாம் விட இந்த ஆறு கட்டில்கள்தான் எனக்கு முக்கியம்.

இன்று ஆறு பேரையும் உட்கார வைத்து விதிகளைச் சொன்னேன். தலையைத் தூக்கக் கூடாது. சாப்பாடு, குளியல், மற்றதெல்லாம் படுத்தபடியேதான். கைப்பேசி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நம் அலுவலகத் தொலைபேசியில் வீட்டுக்குப் பேசலாம்.

"படுத்துக் கெடக்கதுக்கு ஆராய்ச்சியான்னு எங்கப்பா சிரிக்காவ மேடம். இத்தன நாளு வீட்டுல சும்மா செஞ்சத இனிமே கவுரவமா செய்யப் போறியாக்கும்னாவ" என்றான் இசக்கிராஜா. கடையநல்லூர் பக்கத்து ஊர்க்காரன், கபடி விளையாடுகிறவன். ஆறு பேரில் வாய் இவனுக்குத்தான் நீளம்.

கடைசியாக அந்தக் கேள்வியைக் கேட்டேன். இடையில் வீட்டில் ஏதாவது துக்கம் என்றால் உடனே சொல்ல வேண்டுமா, எல்லாம் முடிந்து எழுந்த பிறகு சொன்னால் போதுமா? மேலே போகிற ஒவ்வொருவரிடமும் கிளம்பும் முன் இதைக் கேட்பார்கள். அது எங்கள் கூட்டத்தின் வழக்கம். ஐந்து பேர் யோசிக்காமல் "உடனே சொல்லிருங்க" என்றார்கள். இசக்கிராஜா மட்டும், "நீங்க என்ன சொன்னீங்க மேடம்?" என்று கேட்டான்.

"இறங்கிய பிறகு சொல்லுங்கள் என்றேன்."

"அப்ப எனக்கும் அதேதான்" என்று மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தான்.

எங்கள் மருத்துவர் ரிஹானாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "நீங்க ஆகாசத்துல இருந்தீங்க மேடம், நினைச்சாலும் வர முடியாது. இவங்க வீடு இருபது கிலோமீட்டர்" என்றாள். சின்னப் பெண், சட்டம் பேசுவாள். பயணம் மாதிரி நடத்துவதென்றால் முழுக்க அப்படியே நடத்த வேண்டும் என்றேன்.

ஜூன் 10

படுத்துவிட்டார்கள். நான்தான் தூங்கவில்லை.

ஜூன் 18, புதன்

ஒரு பள்ளிக்கூட விழா. வழக்கம்போலக் குத்துவிளக்கு, பொன்னாடை, "விண்ணைத் தொட்ட வீராங்கனை" என்று அரைமணி நேர வரவேற்புரை. என்னைப் பேசவிட்டபோது பிள்ளைகள் பாதிப்பேர் பசியில் நெளிந்தார்கள்.

கேள்வி நேரத்தில் முதலில் கழிப்பறை. எந்த ஊரிலும் முதலில் அதுதான். நானும் அதை ஒளிவு மறைவில்லாமல் சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவேன். அதற்குப் பிறகு எடை, ஈர்ப்பு என்று எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்வார்கள். இது நான் கண்டுபிடித்த பாடமுறை.

அப்புறம் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுந்து, "அங்க அழுதா கண்ணீர் கீழ விழாதாமே, நெசமா?" என்றது. நிஜம்தான் என்றேன். விழாது. கண்ணிலேயே உருண்டையாகத் திரண்டு நிற்கும், எரியும், துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

"நீங்க அழுதீங்களா?"

"அதுக்கெல்லாம் எங்க நேரம்? வேலை தலைக்கு மேல கெடந்துச்சு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பிள்ளை மட்டும் உட்காராமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. சில பிள்ளைகள் அப்படித்தான், திருப்தியே வராது.

ஜூன் 22, ஞாயிறு

குற்றாலத்தில் சீசன் களைகட்டிவிட்டதாம். இங்கே ஆறு பேருக்கும் ஈரத்துணிக் குளியல். "ஐந்தருவித் தண்ணி ஒரு வாளி கொண்டாந்து தலையில ஊத்துங்க மேடம், ரெண்டு வருசம்னாலும் படுத்துக் கெடக்கேன்" என்கிறான் இசக்கி. எல்லாரும் வீட்டுக்குப் பேசினார்கள். அவன் அப்பாவிடம் பேசும்போது போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொள்கிறான். அவர் அவ்வளவு சத்தமாகத் திட்டுகிறார். திட்டி முடித்ததும் "சாப்ட்டியால?" என்கிறார். எனக்கே கேட்டது.

நாகர்கோவிலிலிருந்து தம்பி சாலமோன் பேசினான். அம்மாவின் நினைவு நாளுக்கு இந்த வருடமாவது வா என்றான்.

"கட்டில் ஆறையும் போட்டுட்டு எப்படில வர?" என்றேன்.

"போன வருசம் கருத்தரங்கு. அதுக்கு முந்தின வருசம் காய்ச்சல். சரிக்கா" என்று வைத்துவிட்டான். இவனுக்கு எப்போதும் ஒரு குத்தல்.

அம்மா போனது நான் மேலே இருந்தபோது, பயணத்தின் நான்காம் மாதத்தில். இறங்கியதும், நாடி பிடித்துப் பார்த்து, ஒரு தம்ளர் பழரசம் கொடுத்து, முறையாகச் சொன்னார்கள். நான் கேட்டுக்கொண்டபடி. நல்ல முடிவு என்றுதான் எல்லாப் பேட்டியிலும் சொல்லியிருக்கிறேன். தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு பூமியைச் சுற்றியிருப்பேன். அதுதானே?

வாரம் ஒருமுறை மேலிருந்து வீட்டுக்குப் பேச விடுவார்கள். சாலமோன் எடுப்பான். அம்மாவைக் கேட்டால் தூங்குகிறாள் என்பான். அம்மா பகலில் தூங்குகிற ஆள் இல்லை. வயதானால் தூங்குவார்கள்தான். அதற்குப் பிறகு நான் அம்மாவைக் கேட்பதை விட்டுவிட்டு, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, முன்வாசல் கதவுக்குப் பெயிண்ட் அடித்தாயா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பெயிண்ட் அடித்த கதையை மூன்று வாரம் சொன்னான்.

ஜூலை 1

மாவு புளித்துவிட்டது. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளின் விடைத்தாளும் அதே இலட்சணம்.

ஜூலை 8, செவ்வாய்

மதியம் வகுப்பு முடிந்து வந்தபோது ஆய்வு மையத்து வாசலில் ஒரு பெண் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பேச்சியம்மாள், இசக்கிராஜாவின் அக்கா.

"அப்பா தோட்டத்துல விழுந்துட்டாவ மேடம். எடப்பக்கம் கையும் காலும் வரல. தென்காசி ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். இசக்கியக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்."

உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவன் கேட்டுக்கொண்டதைச் சொன்னேன். அவன் வாயால் சொன்னது, அதுவும் சாட்சி வைத்துக்கொண்டு. இப்போது எழுப்பினால் அவன் இத்தனை நாள் படுத்ததெல்லாம் வீண். அங்கே வந்துதான் என்ன செய்துவிடுவான்? வைத்தியம் டாக்டர் பார்த்துக்கொள்வார். நானும் மேலே இருந்தபோது இப்படித்தான் கேட்டுக்கொண்டேன் என்றும், என் தாய்க்கே அப்படித்தான் நடந்தது என்றும் சொன்னேன்.

அவள் கண்ணை விரித்துப் பார்த்தாள். "ஒங்க அம்மைக்கேவா?"

"ஆமா."

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒங்களுக்குத் தெரியாததா மேடம். வானத்துக்கே போய்ட்டு வந்தவிய. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கேட்டாள். நேரில் விட்டால் அவள் முகமே காட்டிக்கொடுத்துவிடும். கண்காணிப்புத் திரையில் காட்டினேன். அவன் பக்கத்துக் கட்டில்காரனிடம் என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"மொகமெல்லாம் உப்பிப் போச்சே" என்று திரையில் அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். அது அப்படித்தான் இருக்கும், எழுந்ததும் சரியாகிவிடும் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் பேசும்போது அப்பா தூங்குகிறார் என்று சொல்லச் சொன்னேன்.

"எங்கப்பா பகல்ல தூங்க மாட்டாவளே. தோட்டத்துக்குப் போயிருக்காவன்னு சொல்லுதேன்" என்றாள்.

ஜூலை 9

ரிஹானா என் அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுச் சத்தம் போட்டாள். "அவர் எப்ப வேணும்னாலும் எழுந்து போகலாம் மேடம், அது அவர் உரிமை. போறதா வேண்டாமான்னு முடிவு பண்ண அவருக்கு விஷயம் தெரியணுமே!"

தெரிய வேண்டாம் என்பதுதானம்மா அவன் முடிவு என்றேன்.

"அது உங்க முடிவு மேடம். உங்களைப் பார்த்து, உங்களை மாதிரி ஒரு நிமிஷம் இருந்து பாத்தாரு, அவ்வளவுதான்."

என்ன தைரியம்! நெறிமுறைக் குழுத் தலைவருக்கு அவளே போன் போட்டாள். பங்கேற்பாளர் சொன்ன விருப்பத்தை மதியுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். அப்போதே சொன்னேனே என்று நான் சொல்லவில்லை. முகத்தில் தெரிந்திருக்கலாம். அவள் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். எனக்கு ஏனோ மதியச் சாப்பாடு இறங்கவில்லை. ஹோட்டல் சாம்பாரில் எண்ணெய் அதிகம்.

ஜூலை 11, வெள்ளி

பேச்சியம்மாள் போனில்: "கண்ணத் தொறந்துட்டாவ மேடம். ஆபத்தில்லன்னு டாக்டரு சொல்லுதாரு. பேச்சுதான் கொழறுது. ‘எங்கல அவன், எங்கல அவன்’னுதான் கேக்காவ. வாசல்ல யாரு வந்தாலும் திரும்பிப் பாக்காவ."

ஆபத்தில்லையாம். அப்புறம் என்ன? அவசரப்பட்டு எழுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

ரிஹானாவிடம் சொன்னேன். "அப்ப இப்பச் சொல்லலாம்ல மேடம், நல்ல செய்திதானே?" என்றாள். இவளிடம் பேசி ஜெயிக்க முடியாது.

ஜூலை 13, ஞாயிறு

காலையிலிருந்து விடாத மழை. ஜன்னலைச் சாத்தியும் அறையெல்லாம் ஈர வாடை.

இசக்கி வீட்டுக்குப் பேசினான். நான் பக்கத்திலேயே நின்றேன். "அப்பா எங்கக்கா?" என்றான். அந்தப் பக்கம் பதில். "ஓ" என்றான். அதற்கப்புறம் அக்கா பிள்ளைகளைப் பற்றி, மாட்டைப் பற்றி, பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பற்றி அடுக்கடுக்காகக் கேட்டான். போனைக் கொடுத்துவிட்டுக் கூரையைப் பார்த்தபடி கிடந்தான்.

எல்லாம் நல்லபடி என்றுதான் நினைக்கிறேன். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஜூலை 14, திங்கள்

அதிகாலையில் போய்விட்டார். பக்கவாதம் இரண்டாவது தடவை வந்ததாம்.

பேச்சியம்மாள் போனில் அழவில்லை. அழுது முடித்துவிட்டுப் பேசினாள் என்று நினைக்கிறேன். "ஐஸ் பெட்டியில வச்சிருக்கோம் மேடம். நாளைக்கு மத்தியானம் வர தாங்கும்னு சொல்லுதாவ. ஒத்த ஆம்பளப் புள்ள. அவன் வந்து கொள்ளி வைக்கட்டும். இப்பயாவது சொல்லிருங்க மேடம். சொல்லிட்டு, அவன் என்ன சொல்லுதானோ அதப் பாப்போம்."

சரி என்றேன். உண்மையிலேயே சரி என்றுதான் சொன்னேன். பத்து மணி வகுப்பை ரத்து செய்தேன். ரிஹானாவைக் கூப்பிட்டு, திடீரென்று எழுப்பினால் மயக்கம் போடுவான், மெல்ல மெல்லத் தூக்கி உட்கார வைத்துச் சக்கர நாற்காலியில் ஏற்ற ஏற்பாடு செய் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு "தேங்க்ஸ் மேடம்" என்றாள். ஆம்புலன்ஸுக்கும் சொல்லிவிட்டேன்.

அவன் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். இரத்த அழுத்தப் பட்டையைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது. "இசக்கி" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். "மேடம், நான் அன்னைக்குச் சொன்னது ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்றான்.

"இருக்கு."

"இருக்குல்லா?"

"இருக்கு, இசக்கி."

"சரி மேடம்" என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

இதற்கு மேல் நான் என்ன சொல்ல? அவனே நினைவுபடுத்துகிறான். அவன் மனது உறுதியாக இருக்கிறது, அவ்வளவு உறுதியை நான் எதிர்பார்க்கவில்லை. வெளியே வந்து ரிஹானாவிடம் வேண்டாம் என்றேன். அவள் உள்ளே போகப் பார்த்தாள். கதவில் நான் நின்றேன். "அவனே கேட்டுக்கொண்டான். இன்று, இப்போது, இரண்டாவது தடவையாக. இதற்கு மேல் நீ சொன்னால் அது உன் ஆசைக்கு" என்றேன். மாலையில் விடுப்புக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு நெஞ்சில் ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அதை நிம்மதி என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜூலை 15, செவ்வாய்

போனேன். யாராவது ஒருவர் போக வேண்டும் இல்லையா?

தெருவில் பந்தல், கொட்டு. யாரோ என்னை அடையாளம் கண்டுகொண்டு ஓடிவந்து பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். பந்தலுக்குள் ஒரே முணுமுணுப்பு. "ராக்கெட்டுல போனாவள்லா, அந்தம்மா." ஒரு மனிதர் சந்தோஷமாகவே வந்து, என் பக்கத்தில் குனிந்து நின்று செல்பி எடுத்துக்கொண்டார். ஐஸ் பெட்டி மூன்றடி தூரத்தில் இருந்தது. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது, ஆனால் சிரித்த முகமாகத்தான் அந்தப் படத்தில் இருப்பேன். எட்டு வருடப் பழக்கம்.

பெட்டிக்குள் இருந்தவர் முகம் அப்படியே இசக்கிராஜா. அதே தாடை.

கொள்ளிக்கு மருமகன்தான் என்று பெரியவர்கள் பேசினார்கள். பேச்சியம்மாள் எழுந்து, "என் தம்பி இருக்கையில அவிய எதுக்கு? தம்பி வர முடியலன்னா நான் வைக்கேன். என் கையும் அப்பா வளத்த கைதான்" என்றாள். பொம்பளை சுடுகாட்டுக்கு வருவதா என்று ஒரு கிழவர் குதித்தார். அவள் ஈரச் சேலையோடு தீச்சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டாள். யாரும் தடுக்கவில்லை. தெருமுனை திரும்பும்போது என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. நீங்கள் சொன்னதைச் செய்துவிட்டேன், சரிதானே என்று கேட்கிற பார்வை அது.

வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன். இரண்டு தடவை.

ஜூலை 20, ஞாயிறு

இசக்கி வீட்டுக்குப் பேசவில்லை. போனை நீட்டினேன். "வேண்டாம் மேடம். எல்லாம் நல்லாத்தான் இருப்பாவ" என்றான்.

ஜூலை 28

மிக்ஸி வந்துவிட்டது. சத்தம் முன்னைவிட மோசம்.

இசக்கிராஜாவுக்கு எடை குறைகிறது. நாடித் துடிப்பு கூடியிருக்கிறது. சாப்பாட்டைப் பாதியில் தள்ளுகிறான். இந்தக் கட்டத்தில் எல்லாருக்கும் வருகிற சோர்வுதான், மேலே எனக்கும் வந்தது. சரியாக நான்காம் மாதத்தில் வந்தது. மற்ற ஐந்து பேருக்கும் ஏன் வரவில்லை என்று புதிய மருத்துவர் கேட்டார். ஒவ்வொரு உடம்பு ஒவ்வொரு மாதிரி என்றேன்.

இப்போதெல்லாம் அவன் பேசுவதில்லை. நான் உள்ளே போனால் மட்டும் கண் என் கூடவே வருகிறது. கதவு வரை வருகிறது. நான் போகிற நேரத்தைக் குறைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 2

சாலமோன் அம்மா நினைவு நாள் படங்களை அனுப்பியிருக்கிறான். கல்லறையில் செவ்வந்தி. திறந்து பார்த்துவிட்டு மூடினேன்.

ஆகஸ்ட் 9, சனி

எழுதத்தான் வேண்டும். எழுதிவிடுகிறேன்.

காலையில் ஒவ்வொருவராக எழுப்பினோம். சாய்மேசையில் மெல்லத் தூக்கி, உட்கார வைத்து, அப்புறம் நிற்க வைத்து. பத்திரிகைக்காரர்கள் வந்திருந்தார்கள். ஐந்து பேரும் தள்ளாடிச் சிரித்துக் கை அசைத்தார்கள். இசக்கிராஜா கடைசி. நின்றான். கால் வெடவெடவென்று ஆடியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரையும் வெளிய போகச் சொல்லுங்க மேடம்" என்றான்.

போனார்கள். நானும் அவனும்.

"இசக்கி, உன்கிட்ட ஒரு விஷயம்..."

"அப்பா செத்துட்டாவள்லா" என்றான்.

நான் தலையை ஆட்டினேன்.

"எப்ப?"

சொன்னேன். அவன் மனதுக்குள் கணக்குப் போட்டான். "திங்கக்கெழம. நீங்க ஸ்டூலப் போட்டு ஒக்காந்திய."

"உனக்கு எப்படி..."

"அக்கா சொன்னா, அப்பா தோட்டத்துக்குப் போயிருக்காவன்னு. கொட்டுத மழையில தோட்டத்துல என்ன வேல? என்னமோ ஆயிப்போச்சுன்னு அப்பவே தெரிஞ்சுது மேடம். மறுநாளு நீங்க வந்திய. ஒங்க மொகத்தப் பாத்தேன். ஞாபகம் இருக்கான்னு கேட்டேன்லா."

"நீ வேண்டாம்னுதானே சொன்ன..."

"பயந்துல்லா கேட்டேன்!" என்று கத்தினான். கத்தியதில் கம்பியை விட்டுவிட்டுச் சரிந்தான். பிடிக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டான். "பயத்துல கேக்கவன்ட்ட ஞாபகம் இருக்குன்னா சொல்லுவாவ? ‘போல, கோட்டிக்காரப் பயல, எந்திரில, ஒங்கப்பனப் பாக்கப் போவோம்’னு சொல்ல வேண்டாமா? நீங்க சொல்லுவியன்னு தெனமும் கதவையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன் மேடம். நாமளா கேக்கவும் தைரியமில்ல. கேட்டா உண்மையாயிரும்லா."

எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கு மட்டும்தான் அது முழுக்கத் தெரியும். கேட்டால் உண்மையாகிவிடும். மூன்று வாரம் பெயிண்ட் கதை கேட்டவள் நான்.

அவன் மூச்சு வாங்கினான். ரொம்ப மெதுவாகக் கேட்டான்: "எங்கப்பா என்னயக் கேட்டாவளா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். விழுந்ததும் நினைவு தப்பிவிட்டது, கஷ்டப்படவில்லை என்று சொல்லிவிடலாம். அவனுக்கும் தூக்கம் வரும், எனக்கும் வரும். பேச்சியம்மாளையும் அப்படியே சொல்லச் சொல்லிவிடலாம், நான் சொன்னால் அவள் கேட்பாள்.

"கேட்டாரு" என்றேன். "எங்கல அவன்னு கேட்டாராம். மூணு நாள். யாரு வந்தாலும் வாசலைப் பார்த்தாராம். உன்னை வரவிடாம தடுத்தது நான்தான், இசக்கி. உங்க அக்கா கூப்பிட வந்தா. அப்புறம் போன்லயும் கேட்டா."

அவன் அழவில்லை. சுவரைப் பிடித்தபடி ஒவ்வொரு அடியாகக் கதவு வரை போனான். சக்கர நாற்காலி கொண்டுவந்தார்கள், வேண்டாம் என்றான். கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "கேட்டிருப்பாவ. அவ்வளவு திட்டுவாவ, கேக்காம இருக்க மாட்டாவ" என்றான், தனக்குத்தானே. வெளியே பேச்சியம்மாள் ஆட்டோவோடு நின்றாள். தம்பியைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அப்போதுதான் அவன் குரல் கேட்டது. பத்திரிகைக்காரர்கள் கேமராவை இறக்கிவிட்டார்கள். நான் உள்ளேயே நின்றுகொண்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆய்வை நெறிமுறைக் குழு மறுபடி விசாரிக்க வேண்டும் என்று நானே எழுதி அனுப்பினேன். ரிஹானாவுக்கும் ஒரு நகல் அனுப்பி, நீ சொன்னதுதான் சரி என்று மேலே இரண்டு வரி எழுதினேன். கட்டில்களை இனி யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கட்டும்.

அப்புறம் சாலமோனுக்குப் போன் போட்டேன்.

"என்னக்கா, காலையிலேயே?"

"ஏல, ஒன்னு கேக்கணும். அம்மா என்னைக் கேட்டாளா?"

அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் நின்றது.

"எதுக்குக்கா இப்ப? எட்டு வருசம் கழிச்சு."

"சொல்லுல."

"கேக்காம இருப்பாங்களாக்கா? போனக் குடுல போனக் குடுலன்னு என் கையப் புடிச்சு இழுத்தாங்க. நீதான் சொல்லக்கூடாதுன்னுட்டியே. பேசவிட்டா கொரல வச்சே கண்டுபிடிச்சிருவன்னு நான் குடுக்கல. அத நெனச்சு நெனச்சு..." மூக்கை உறிஞ்சினான். "நீ மேல இருந்து விழுந்துருவியோன்னு அவங்களுக்கு ஒரே பயம். கடைசி ரெண்டு நாளும் வேற பேச்சே கெடயாது. ‘அக்கா எறங்கிட்டாளால, அக்கா எறங்கிட்டாளால’. அந்த ஒரு கேள்விதான்."

"நீ என்ன சொன்ன?"

"எறங்கிட்டாம்மா, வண்டியில வந்துக்கிட்டிருக்கான்னு சொன்னேன். அதுக்கப்புறம் கேக்கல. வாசலப் பாத்துக்கிட்டே படுத்திருந்தாங்க."

நான் அழுதேன். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, அசிங்கமாக அழுதேன். அவனும் அழுதான். யாரும் போனை வைக்கவில்லை.

"நாளைக்கு வாரேன்ல" என்றேன்.

"வாக்கா. எந்த பஸ்ஸுன்னு சொல்லு, வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிக்கேன்" என்றான்.